அந்த இருட்டில் என்ன இருக்கிறது? வீடியோ கேம் வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இருண்ட அறிவியல் புனைவு விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்களின் கலைப்பிரிவினருக்கும், அவற்றின் அட்டைப்படத்தை இறுதி செய்யும் விற்பனைப்பிரிவினருக்கும்,

வணக்கம்.

அட்டைப்படத்துக்கான வரைவுகள் மேசைக்கு வரும்போது அவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறீர்கள் என்பது குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். எது கண்ணை முதலில் இழுக்கிறது, எது ஏற்கெனவே நன்றாக விற்ற விளையாட்டுகளின் சாயலில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன என்ற எண்ணம், இந்த வகை விளையாட்டுகளின் அட்டைகளை வரிசையாகப் பார்க்கும் எவருக்கும் எழும். தலைக்கவசம் அணிந்த ஒரு வீரன், அவன் கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் புகை, ஒருபுறம் நீல ஒளி, மறுபுறம் ஆரஞ்சு ஒளி. பெயரை மறைத்துவிட்டால் எது எந்த விளையாட்டு என்று பிரித்தறிய முடியாது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்பாக வேறொன்றைக் கேளுங்கள்: இந்த விளையாட்டின் அச்சம் எது, அது இந்தப் படத்தில் இருக்கிறதா?

2008இல் வெளிவந்த ‘டெட் ஸ்பேஸ்’ அட்டையை இதற்குச் சிறந்த சான்றாகக் கருதுகிறேன். விண்வெளியில் துண்டிக்கப்பட்ட ஒரு மனிதக் கை மிதக்கிறது. நாயகனும் இல்லை, அரக்கனும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. விளையாட்டுக்குள் நுழைந்தவர், ஐசக் கிளார்க் என்னும் பொறியாளராக, இஷிமுரா என்ற சுரங்கக் கப்பலின் நடைகூடங்களில் சில நிமிடங்கள் தடுமாறியதுமே ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: எதிரே வரும் உருவங்களைத் தலையைக் குறிவைத்துச் சுட்டுப் பயனில்லை, கைகால்களை வெட்டித்தான் வீழ்த்த வேண்டும். முதலில் அவர் கைக்குக் கிடைப்பதும் போர்க்கருவியன்று, சுரங்க வேலைக்கான ஒரு வெட்டுக்கருவி. ஆகவே அட்டையில் மிதக்கும் அந்தக் கை வெறும் அருவருப்புக்காக வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. விளையாட்டின் அடிப்படை விதியையே அது முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. வாங்குவதற்கு முன் அது யாருடைய கை என்று கேட்க வைக்கிறது. ஆடி முடித்தவரிடம் இன்னொரு பொருள் தருகிறது. ஓர் அட்டை இப்படி இரண்டு முறை வாசிக்கப்பட இடம் தருகிறதா என்பதை நீங்கள் வரைவு நிலையிலேயே சோதித்துப் பார்க்க முடியும்.

‘பயோஷாக்’ வரிசையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2007இல் வந்த முதல் விளையாட்டின் அட்டையில், கையில் ராட்சதத் துளைப்பான் பொருத்திய, பழைய முக்குளிப்பு உடையணிந்த ஒரு பேருருவமும் அதனருகே ஒரு சிறுமியும் இருக்கிறார்கள். அந்தப் பேருருவம் அவளுடைய காவல். அதை வீழ்த்தினால்தான் சிறுமியை அணுக முடியும்; அணுகிய பிறகு அவளைக் காப்பதா, அவளிடமிருப்பதைப் பறித்துக்கொள்வதா என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். விளையாட்டு முழுவதும் ஆடுபவரைத் துரத்தும் அறக்கேள்வியை, ஒரு சொல்லும் எழுதாமல், இரண்டு உருவங்களுக்கு இடையிலான உறவாக அட்டையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அதே வரிசையில் 2013இல் வந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’ அட்டையிலோ, தோளில் துப்பாக்கியைச் சாய்த்திருக்கும் ஓர் ஆண் மட்டுமே முன்னால் நிற்கிறான். கதையின் உயிரான எலிசபெத் முன்பக்கத்தில் இல்லவே இல்லை. விமர்சனம் எழுந்தபோது, இந்த வரிசையைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்களை ஈர்ப்பதற்காகவே அப்படிச் செய்ததாக அதன் படைப்பு இயக்குநர் கென் லெவின் 2012 இறுதியில் வெளிப்படையாக விளக்கினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அதன்பின் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அட்டைத்தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும்படி உட்புறத்தில் வேறொரு படத்தை அச்சிட்டுத் தந்ததும் நல்ல செயலே. ஆனால் அந்த வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2007இல் முதல் விளையாட்டு வெளிவந்தபோது, அந்த முக்குளிப்பு உருவத்தை உலகில் யாருக்குத் தெரியும்? அறியாதவர்களின் முன்னால்தான் அந்த அட்டையும் போய் நின்றது. அந்த விசித்திரத்தாலேயே அது நினைவில் தங்கியது. அறியாதவரை ஈர்க்க அறிமுகமான உருவம்தான் வேண்டும் என்ற நம்பிக்கையை, அதே வரிசையின் முதல் அட்டையே பொய்யாக்கியிருந்தது. அதே 2013இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ அட்டையில் எல்லி என்ற சிறுமியை முன்னிறுத்தியவர்கள், அவளைப் பின்னுக்குத் தள்ளும்படி வந்த யோசனையை மறுத்ததாகப் பின்னர் சொன்னார்கள். அந்த மறுப்பு சரியானது என்பதற்கு அந்த அட்டையே சாட்சி.

துப்பாக்கி ஏந்திய உருவமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1993இன் ‘டூம்’ விளையாட்டுக்காக டான் ஐவன் பன்சாட்ஸ் வரைந்த ஓவியத்தில் ஒரு வீரன் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் நாலாபுறமும் பேய்கள் அவன்மேல் ஏறி வருகின்றன, ஒரு கை அவனைப் பற்றியிழுக்கிறது. எண்ணிக்கையால் சூழப்படுவதுதான் அந்த விளையாட்டின் அச்சம். அதை அந்த ஓவியம் முழுமையாகத் தருகிறது. 2016இல் வந்த புதிய ‘டூம்’ அட்டையில் வீரன் ஏறத்தாழத் தனியாக, கம்பீரமாக முன்னே வருகிறான். அங்கும் மாற்று அட்டைக்கு வாக்கெடுப்பு நடத்தும் நிலை வந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே வீரன், ஒரே தொழில். ஒன்றில் அவன் ஆபத்தில் இருக்கிறான், மற்றொன்றில் இல்லை.

மிகையாகச் சொல்லிவிடும் அட்டைகளையும் கவனியுங்கள். 1999இன் ‘சிஸ்டம் ஷாக் 2’ அட்டையில் ஷோடன் என்ற செயற்கை அறிவின் முகம் நம்மையே பார்க்கிறது. மறக்க முடியாத முகம்தான். ஆயினும் அந்த விளையாட்டின் நடுவே வரும் மிகப் பெரிய திருப்பத்தில் பாதியை அந்த முகம் முன்பே கொடுத்துவிடுகிறது. அச்சத்தைக் காட்டுவதற்கும் இரகசியத்தை அவிழ்ப்பதற்கும் இடையிலுள்ள கோட்டை, விளையாட்டை முடித்த ஒருவர்தான் சரியாகக் காட்ட முடியும்.

இனி, இருட்டைப் பற்றி. இந்த வகை அட்டைகளில் பெரும்பான்மையான குறை இங்கேதான் இருக்கிறது. கறுப்பை நிரப்பிவிட்டால் படம் அச்சமூட்டும் என்ற எண்ணம் தவறானது. பார்வையாளர் அஞ்சுவது தெரியாததைக் கண்டு. தெரியாததைத் தெரியாதது என்று உணர, அதன் விளிம்பாவது தெரிய வேண்டும். ஒரு கதவின் ஓரம், ஈரத் தரையில் படும் மங்கிய பிரதிபலிப்பு, அளவைச் சொல்லும் ஒரு படிக்கட்டு என ஏதேனும் ஒன்று நிழலுக்குள் இருந்தால்தான் கண் அங்கே தேடத் தொடங்கும். ஒன்றுமே இல்லாத கறுப்பைக் கண் ஒரு நொடியில் கடந்துவிடுகிறது. ‘டெட் ஸ்பேஸ்’ அட்டையின் வெறுமைகூட இதற்கு விலக்கன்று: அந்தக் கை அங்கே இருப்பதால்தான் சுற்றியுள்ள வெறுமை எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது. வண்ணத்தை முற்றிலும் நீக்கிச் சாம்பல் நிறத்தில் வரைவைப் பாருங்கள். நிழல் பகுதிகளில் குறைந்தது இரண்டு மூன்று படிநிலைகளாவது தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று சோதியுங்கள். திரையில் மென்மையாகத் தெரியும் கருநீலச் சாய்வுகள் அச்சில் மை தேங்கி ஒரே கறையாகிவிடுவதும், கோப்பின் அளவைச் சுருக்கும்போது பட்டை பட்டையாக உடைந்துவிடுவதும் ஓவியர்களுக்குத் தெரிந்த சிக்கல்கள்தாம். அவர்கள் இதைச் சொல்லும்போது, இன்னும் கருமையாக்குங்கள் என்று திருப்பி அனுப்பாதீர்கள். நீல ஆரஞ்சு ஒளிச்சேர்க்கையை நான் வெறுக்கவில்லை. ஆனால் விளையாட்டுக்குள் அத்தகைய ஒளி எங்குமே இல்லாதபோது அட்டையில் மட்டும் அது எப்படி வந்தது?

இன்று அட்டைப்படம் பெரும்பாலும் அட்டையில் இல்லை என்பதை நான் அறிவேன். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் பட்டியல்களில் அது ஒரு சிறு பட்டையாகவும், வாங்கியவரின் நூலகத்தில் 600க்கு 900 பிக்சல் என்ற நெடிய படமாகவும் தோன்ற வேண்டியிருக்கிறது. ஒரே ஓவியத்தை வெட்டி இரண்டுக்கும் பயன்படுத்துவதால் நெடிய படத்தில் இருந்த வெற்றிடம் சிறு பட்டையில் காணாமற் போகிறது. எஞ்சுவது முகமும் பெயரும் மட்டுமே. இரண்டையும் தொடக்கத்திலேயே தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். 1998இன் ‘ஹாஃப் லைஃப்’ ஆரஞ்சுப் பின்னணியில் லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்தைப் பெரிதாக வைத்தது. கதிரியக்கச் சிதைவு மாறிலியைக் குறிக்கும் எழுத்து அது. அரை ஆயுட்காலம் என்னும் கதிரியக்கச் சொல்லான விளையாட்டின் பெயரோடு பொருந்துவதும், எவ்வளவு சுருக்கினாலும் சிதையாததும் அதன் சிறப்பு. மதிப்பெண்களையும் விருதுப் பெயர்களையும் இந்தப் படங்களில் திணிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் விதித்த கட்டுப்பாடு, ஓவியத்துக்கு அதன் இடத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. அந்த இடத்தை இன்னொரு துப்பாக்கியால் நிரப்பிவிட வேண்டாம்.

1991இல் வந்த ‘அனதர் வேர்ல்ட்’ விளையாட்டை ஏறத்தாழத் தனியொருவராக உருவாக்கிய எரிக் சாஹியே அதன் அட்டையையும் வரைந்தார். விளையாட்டின் உலகத்தை உள்ளிருந்து அறிந்தவரின் கை அது என்பது பார்த்ததும் தெரிகிறது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து உருவாக்கும் இன்றைய விளையாட்டுகளில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் வெளியிலிருந்து அமர்த்தப்படும் ஓவியருக்கு நான்கு நிழற்படங்களையும் ஒரு பத்திக் குறிப்பையும் மட்டும் அனுப்பாமல், ஆடக்கூடிய நிலையிலுள்ள பதிப்பைத் தந்து, அதை ஆடிப் பார்ப்பதற்கான நேரத்துக்கும் சேர்த்து ஊதியம் தர உங்களால் முடியும். அவருடைய பெயரை அட்டையின் பின்புறத்திலும் கடைப்பக்கத்திலும் தெளிவாக வெளியிடவும் முடியும். அட்டையை நேசிக்கும் பலருக்கு அதை வரைந்தவர் யாரென்றே தெரியாமலிருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்த முறை வரைவுகளைப் பரப்பி வைத்துப் பேசும்போது, விளையாட்டை முழுமையாக ஆடி முடித்த ஒருவரையும், அதன் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவரையும் அந்த அறையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வரைவையும் பார்த்து, அந்த இருட்டில் என்ன இருப்பதாகத் தோன்றுகிறது என்று இரண்டாமவரிடம் கேளுங்கள். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று முதலாமவரிடம் கேளுங்கள். இருவரின் விடைகளையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகு விற்பனைக் கணக்கை எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுகளை ஆடுவதற்கு முன்னும் ஆடி முடித்த பின்னும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர்