கசப்பைக் கொஞ்சம் மிச்சம் வைத்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நைஜீரியாவின் எனுகுவில் தெருவே உங்களை அப்படித்தான் அழைத்தது. அங்கே அது அம்மாவைக் குறிக்கும் சொல் என்று தெரியும் முன்பே, தாய்மாமனை அழைத்துப் பழகிய வாயால் நானும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். 1982-ல் அப்பா பள்ளி ஆசிரியராக அங்கே வந்தபோது எனக்கு எட்டு வயது.

போன சனிக்கிழமை முதன்முறையாக ஒஃபே ஓனுக்பு வைத்தேன். 'கசப்புக்கீரைக் குழம்பு' என்று சொன்னதுமே என் மகள் முகம் சுளித்தாள். சேப்பங்கிழங்கு இங்கே லண்டனில் தமிழ்க் கடையிலேயே கிடைத்தது. செம்பனை எண்ணெய், காய்ந்த மீன், கழுவிக் காயவைத்த இலை எல்லாம் நைஜீரியக் கடையில். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, இடித்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கொதிக்கும் குழம்பில் போட்டேன். உருண்டைகள் கரைந்து குழம்பும் சரியாகக் கெட்டிப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கழுவிய இலையை நான் பயத்தில் மறுபடியும் மறுபடியும் கழுவியிருந்தேன். சக்கையைத் தின்பதுபோல் இருந்தது.

உங்கள் கொல்லைப்புறத் தொட்டி கண்ணில் வந்து நின்றது. நீங்களும் இரண்டு மகள்களும் குனிந்து இலையைக் கசக்குவீர்கள். பச்சை நுரை பொங்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பீர்கள். "இன்னும் கசக்குதே" என்று சின்னவள் சொல்லும்போதே நிறுத்திவிடுவீர்கள். உங்கள் வீட்டுக் கசப்பின் அளவு அது. பக்கத்து வீட்டில் வேறு அளவு.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஆமணக்கில் விளக்கெண்ணெய் தவிர வேறொன்றும் அறியாதவர். அதே விதையை வேகவைத்துப் புளிக்கவைத்து நீங்கள் குழம்பில் சேர்க்கும் ஒகிரியின் வாசனைக்கு முதல் நாள் வெளியே ஓடினார். ஆனால் தருமபுரிக்காரி அல்லவா? கேழ்வரகுக் களி விழுங்கி வளர்ந்தவர். உங்கள் மரவள்ளிக் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெரியவளுக்குக் குழந்தை பிறந்தபோது ஓமுக்வோவுக்காக, அதாவது பிள்ளை பெற்ற மகளைக் கூட இருந்து கவனித்துக்கொள்ள, நீங்கள் லாகோஸ் கிளம்பினீர்கள். எங்கள் ஊரில் பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவாள், இங்கே தாய் மகள் வீட்டுக்குப் போகிறாரே என்று அம்மா வியந்தார். மூட்டையில் பிள்ளை பெற்றவளுக்கான கிழங்குச் சாறுக்கு உடா, உசிசா என்ற மசாலாப் பொருள்கள் எல்லாம் கட்டியிருந்தீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்காக ஒரு பெரிய பானை ஓனுக்பு. காலையும் மாலையும் சூடாக்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டாம் நாள்தான் அது உண்மையில் ருசித்தது.

குழம்பில் போடும் அந்த ஒக்போரொக்கோ என்ற காய்ந்த மீன்! 1967-லிருந்து 1970 வரை நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போரில், நார்வேயிலிருந்து நிவாரணமாக வந்ததை நீங்கள் ஒரே ஒரு முறை சொன்னீர்கள். உப்புக்கே தவித்த நாட்கள் என்றீர்கள். பிறகு ஒன்றும் பேசாமல் பெரிய துண்டை என் தட்டில் வைத்தீர்கள். ஏன் எனக்கு என்று அன்று புரியவில்லை. இப்போது சாப்பிட வரும் பிள்ளைகளின் தட்டை நானும் முதலில் பார்க்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் இதையெல்லாம் உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லப்போகிறேன். இலையை எத்தனை தண்ணீரில் கழுவ வேண்டும் என்று மட்டும் அப்போது சொல்லிவிடுங்கள். இந்த முறை பச்சை இலையே வாங்கி வைக்கிறேன். கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க என் மகளைப் பக்கத்தில் உட்காரவைக்கிறேன்.

உங்கள் அடுத்த வீட்டுப் பெண்