ஸ்வெட்டர் இல்லாம பாலைவனம் போகாதீங்க

ஆசிரியர் சார் வணக்கம், ஆப்பிரிக்கால இருக்கிற நமீபியாவோட பாலைவனக் கடற்கரை பத்தி போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா குளிரைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. பாலைவனம்தானேன்னு வெறும் டீஷர்ட்டோட அங்க ஸ்வாகோப்முண்ட்ங்கிற கடலோர ஊர்ல போய் இறங்கினேன், காலைல 10 மணி வரைக்கும் மூடுபனி, மூக்குக்கண்ணாடியெல்லாம் ஈரம், பல்லு தந்தியடிக்குது. அந்தக் கரையோரமா ஓடுற பெங்குவேலா கடல் நீரோட்டம் அவ்ளோ சில்லுன்னு இருக்கும், ஆசையா குளிக்கிற கடல் இல்ல அது. தங்க ஸ்வாகோப்முண்ட்தான் வசதி, கெஸ்ட் ஹவுஸ் நிறைய இருக்கு, தெக்கே 30 கிலோமீட்டர் சொச்சத்துல வால்விஸ் பே, அங்க லகூன்ல, அதாவது காயல்ல, பூநாரைங்க ஒத்தக்கால்ல நிக்கும். அதுக்கும் தெக்கே சாண்ட்விச் ஹார்பர்ல மணல்மேடு நேரா கடல்ல இறங்குது, ஆனா கடல் ஏறுற நேரம் தெரியாம சொந்தமா ஜீப் ஓட்டிட்டு போயிடாதீங்க. ஸ்வாகோப்முண்டுக்கு வடக்கே கேப் கிராஸ்ல கடல்நாய்ங்க ஆயிரக்கணக்குல, பாக்க அழகு, நாத்தம்தான் ரெண்டு நாளா சட்டைய விட்டுப் போகல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்