ஆயில் மாற்றினாயா?

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான், அது உனக்குத் தெரிந்தது. வண்டிக்கு ஆயில் மாற்றினாயா?

ஷோரூமில் 15,000 கிலோமீட்டர் வரை கவலையில்லை என்றார்கள் என்றாய். பெங்களூரில் நீ தினமும் போவது நான்கு கிலோமீட்டர், அதிலும் பாதி நேரம் சிக்னலில். எஞ்சின் சூடேறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும். டர்போவுக்கு அது ஆகாது. புகை தள்ளுகிற தள்ளலில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரம் அது. அதைத் தாங்குவது தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம். கிலோமீட்டரைப் பார்க்காதே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடு.

ஸ்கோடா ஸ்லாவியா கார் வாங்குகிறேன் என்று நீ சொன்னபோது, 1.5 லிட்டர் எஞ்சினுக்கு எதற்கு 150 குதிரைசக்தி என்று முணுமுணுத்தவன் நான். தீபாவளிக்கு ஓமலூர் சாலையில் ஓட்டிப் பார்த்தேனே, 1,600 சுற்றிலேயே இழுவை முழுதாக வந்துவிடுகிறது. நிதானமாகப் போனால் நான்கு சிலிண்டரில் இரண்டு தானாகத் தூங்கிவிடுகிறது. எப்போது தூங்கியது, எப்போது விழித்தது என்று லாரி எஞ்சினிலேயே ஊறிப்போன இந்தக் காதுக்குப் பிடிபடவில்லை! என் மகள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது என்று பட்டறையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வண்டி மாதிரி ஒன்று ஏற்காடு மலையேறியதாக அடிவாரம் டீக்கடைக்காரர் சொன்னார். கர்நாடகா நம்பர், அதே நீலம். நீலக் கார் ஊரில் எத்தனையோ இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். ஏற்காட்டின் இருபது வளைவும் ஏறி முடித்த கையோடு எஞ்சினை நிறுத்தாதே, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடு. சூட்டோடு நிறுத்தினால் டர்போவுக்குள் நிற்கிற ஆயில் கருகிவிடும். இறங்கும்போது இரண்டாவது கியர். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. அஸ்தம்பட்டியிலிருந்து நம் வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்பதை நான் சொல்லவா வேண்டும்? கூட யார் வந்தாலும் அம்மா இரண்டு தோசை சேர்த்து ஊற்றுவாள். ஆயிலை மட்டும் தள்ளிப்போடாதே.

மலை என்றால் உனக்கு அந்தப் பதினான்காவது வளைவுதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். அம்பாசடர் கொதித்து நின்றது, அம்மாவின் கை வெந்தது. நீ ரேடியேட்டர் மூடியைத் திருகியதால்தான் என்று சித்தப்பா வீட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கை வெந்தபோது நீ தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போயிருந்தாய். ஆறுவதற்குள் மூடியைப் பாதி திருகிவிட்டு, துணி எடுக்க டிக்கிப் பக்கம் போனவன் நான். மெக்கானிக் என்று பெயரெடுத்தவன் அதை எப்படி ஒத்துக்கொள்வது? பதினொரு வயதுப் பிள்ளை தலையில் கட்டிவிட்டேன். நீ மறுத்துப் பேசவில்லை, அன்று இரவு சாப்பிடவும் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இன்றுவரை அவளும் வாய் திறக்கவில்லை.

போனில் இதைச் சொல்ல இரண்டு முறை முயன்றேன், ஆயில் பேச்சோடு நின்றுவிட்டது. மாற்றியதும் ஒரு வரி எழுது. பில்லைப் பத்திரமாக வை.

அப்பா