தென்பெண்ணைக் கரையில நம்ம ஊருக்கும் ஒரு ஆத்துத் திருவிழா வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை அஞ்சாம் தேதின்னா கடலூர், விழுப்புரம் பக்கம் தென்பெண்ணைக் கரையில ஆத்துத் திருவிழா நடக்குது, சுத்துப்பட்டு ஊரு சாமிங்க எல்லாம் ஆத்துக்கு வந்து தீர்த்தவாரி, மணல்ல கடைங்க, ராட்டினம், சுருளிக்கிழங்குன்னு சின்னப் பசங்கள்ல இருந்து தாத்தா பாட்டி வரைக்கும் கரையிலதான் இருப்பாங்க. அந்தத் தண்ணி ஓசூர் பக்கத்துல இருக்கற கெலவரப்பள்ளி அணை, கேஆர்பி அணைனு சொல்ற கிருஷ்ணகிரி அணை தாண்டி எங்க காவேரிப்பட்டணம் வழியாத்தான் அங்க போவுது. அதே மாதிரி ஒரு திருவிழாவ அதே நாள்ல நம்ம கரையிலயும் நடத்தணும்னு கேட்டுத்தான் இத எழுதறேன்.

நம்ம பக்கம் ஆத்துக்கு ஜனங்க வராம இல்ல. மாசி மாசம் மயானக் கொள்ளைக்கு எங்க ஊருக்கு எவ்ளோ கூட்டம் வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆடி 18க்கு அனுமன்தீர்த்தம், இருமத்தூர், ஒகேனக்கல்னு போறாங்க. ஆனா அதெல்லாம் வேண்டுதலுக்கும் தலை முழுகவும் வர்ற கூட்டம், முடிஞ்சதும் வண்டி ஏறிடறாங்க. கைக்குழந்தைய வச்சிருக்கவங்களும் முட்டி வலியோட இருக்கற வயசானவங்களும் சாயங்காலம் வரைக்கும் நிம்மதியா உக்காந்து ஆத்தப் பாக்கற மாதிரி ஒரு நாள் இல்ல. கிருஷ்ணகிரியில வருஷா வருஷம் மாங்கனி கண்காட்சி நடத்தறாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த மாமரத்துக்கும் நெல்லுக்கும் தண்ணி குடுக்கற ஆத்துக்குன்னு ஒரு நாளாவது ஒதுக்க வேணாமா?

இப்பல்லாம் ஆத்துப் பேர கேட்டாலே ரெண்டு சேதிதான். ஒண்ணு வெள்ளம். 2017 நவம்பர்ல கேஆர்பி அணையில ஷட்டர் உடைஞ்சி தண்ணி வீணா போனதும், 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல்ல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டினதும் யாரும் மறக்கல. இன்னொண்ணு நுரை. பெங்களூர் பக்கத்து கழிவு கலந்து வர்றதால கெலவரப்பள்ளியில மலை மாதிரி நுரை நிக்கற போட்டோ அடிக்கடி பேப்பர்ல வருது, கொஞ்ச நாள் பேசறோம், அப்பறம் விட்டுடறோம். குப்பைய கொட்டறதுக்கு மட்டும் கரைக்குப் போற ஜனங்களுக்கு அந்த நுரையப் பத்தி எப்படி கோவம் வரும்? குடும்பத்தோட வந்து கரையில உக்காந்து சாப்பிட்டவங்களுக்குத்தான் தண்ணி நாறினா வலிக்கும், அவங்கதான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் கேப்பாங்க. நான் திருவிழா கேக்கறதுக்கு பெரிய காரணமே இதுதான்.

தை மாசம்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. வடகிழக்கு மழை ஓஞ்சி ஆத்து வேகம் தணிஞ்சிருக்கும், வெயிலும் சுள்ளுனு ஏறியிருக்காது, மா பூ விடற நேரம், பொங்கலுக்கு வெளியூர்ல இருந்து வந்த பிள்ளைங்க ஊர்லயே இருப்பாங்க. அன்னைக்கு அணையில இருந்து எவ்ளோ தண்ணி விடறாங்கன்னு நீர்வளத் துறைகிட்ட முன்கூட்டியே பேசி முடிவு பண்ணிக்கணும், தண்ணி ஓரத்துல கயிறு கட்டி தீயணைப்புக்காரங்கள நிறுத்தணும்.

பெரிய மேடை, சினிமா பாட்டு கச்சேரி எல்லாம் வேணாங்க. மதியம் ஆரம்பிச்சி ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிஞ்சா போதும். நம்ம மாவட்டத்து தெருக்கூத்து கலைஞருங்கள கூப்பிட்டு நல்ல சம்பளம் குடுத்து ஆட வைக்கலாம். ராகி களி, கீரைக் கொழம்பு, அணை மீன் வறுவல், எங்க ஊரு நிப்பட்டுனு மகளிர் குழுக்காரங்க கடை போட்டா அவங்களுக்கும் நாலு காசு வரும். 52 அடி கேஆர்பி அணையில எந்த அளவுக்கு நிரம்பினா ஷட்டர திறப்பாங்க, வாய்க்கால்ல தண்ணி எப்படி பிரியுதுன்னு ஒரு இன்ஜினியர் பசங்களுக்கு எளிமையா சொன்னா பசங்க வாயத் திறந்து கேப்பாங்க, பள்ளிக்கூடத்துல இத யாரும் சொல்றதில்ல.

பொம்பளைங்க கேக்கறதுல மொத விஷயம் கக்கூஸ். சுத்தமா, தண்ணியோட, லைட்டோட இருக்கணும். தாய்ப்பால் குடுக்க ஒரு மறைவான எடம், சக்கர நாற்காலி எறங்கற மாதிரி சரிவுப் பாதை, இருட்டினதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெளிச்சம், இதெல்லாம் இருந்தாதான் அத குடும்பத் திருவிழானு சொல்ல முடியும். குடிச்சிட்டு வர்றவங்கள உள்ள விடவே கூடாது, பிளாஸ்டிக் கவர் ஒண்ணு கூட வேணாம், மறுநாள் காலையில கரை முன்ன இருந்தத விட சுத்தமா இருக்கணும்.

மாவட்ட நிர்வாகமும் எங்க பேரூராட்சியும் உக்காந்து பேசி வர்ற தைக்கே சின்ன அளவுல ஆரம்பிக்கணும். கரைய சுத்தம் பண்ற வேலைக்கு எங்க தெரு பொம்பளைங்க கூட்டமா வர்றோம், எப்ப கூப்பிட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.