சோறு போடு என்பதற்கு இங்கே சொல் இல்லை

கீத்லி, யார்க்‌ஷயர்
9.2.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். அப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலன்றுகூட நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை வைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான், மன்னித்துவிடுங்கள். முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு, ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை, பொழுதும் போகிறது. வேறு ஒன்றும் இல்லை.

குளிர் இன்னும் விடவில்லை. தோசை மாவு இரண்டு நாள் வெளியில் இருந்தாலும் பொங்காது. ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிட்டால் மறுநாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் எழும்பும். ஹீட்டரை ராத்திரி ஒரு மணி நேரம் போட்டால் எனக்குப் போதும், அம்மா கொடுத்த கம்பளி இருக்கிறதே. புழுங்கலரிசி பிராட்ஃபோர்டில் கிடைக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

செல்விக்கு அடுத்த மாதம் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அப்பா, இனி வருவதை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

செல்வி, நான் வந்த இரண்டாவது வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. நாம் மாத்திரை போட்டாச்சா என்றுதானே கேட்போம்? அதே நினைப்பில், எண்பத்தாறு வயது தாத்தா ஒருவரிடம் டேப்லட்டைக் கொடுத்து ‘புட்’ என்று சொல்லிவிட்டேன். அவரும் அதை சாசரில் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து கப்பை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். உடனே சீனியரிடம் ஓடினேன். தாமதமாகக் கொடுக்கலாம் என்றார், தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாத்திரைக்கு இவர்கள் ‘டேக்’தான் சொல்வார்கள்.

நாம் எத்தனை ‘போடு’ சொல்கிறோம் என்று எண்ணிப் பார். காபி போடு, கோலம் போடு, ஊசி போடு, சண்டை போடு. இங்கே அந்த ஒரு வினை சிதறிப்போகும். காபிக்கு மேக், கோலத்துக்கு ட்ரா, ஊசிக்கு கிவ், சண்டைக்கு ஹேவ். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. வெயிலுக்கு ஏன் ‘அடிக்கிறது’, மழைக்கு ஏன் ‘பெய்கிறது’, பசிக்கு ஏன் ‘எடுக்கிறது’ என்று யாராவது நம்மைக் கேட்டால் நமக்கும் தெரியாதே. பஸ்ஸை நாமும் பிடிக்கிறோம், இவர்களும் பிடிக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். சளி விஷயத்தில் தலைகீழ். நம்மைச் சளி பிடிக்கும். இங்கே மனிதன் போய்ச் சளியைப் பிடிக்கிறான்.

உன்னை அதிகம் இடறப்போவது மேக்கும் டூவும். நமக்கு இரண்டுக்கும் ‘பண்ணு’ ஒன்றே போதும், அதனால்தான் மிஸ்டேக்குக்கு நம் ஊரில் எல்லோரும் டூ போட்டு எழுதுகிறோம். மிஸ்டேக்குக்கு மேக்தான். டிசிஷனுக்கும் மேக். ஹோம்வொர்க்குக்கு டூ. புதிதாக ஒன்று உண்டானால் மேக், வேலையாகச் செய்தால் டூ என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பாதி தூரம்தான் அது வரும். பாத்திரம் கழுவ டூ, படுக்கையைச் சரிசெய்ய மேக் என்னும் இடத்தில் கணக்கு உதவாது. எக்ஸாமுக்கு ரைட் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, சிட் அல்லது டேக். இல்லத்தின் நோட்டில் எழுதுவதற்கு இன்னொரு பாஷை. ஒருவர் விழுந்தால், ‘ஹேட் எ ஃபால்’. மலம் கழித்தால், ‘பவல்ஸ் ஓப்பன்ட்’. முதல் மாதம் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

பக்கத்து வீட்டு வாத்தியார் இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. ரிட்டயர் ஆனவர், தனியாக இருக்கிறார். உறைபனியிலும் அரைக்கால் சட்டையோடு வாசல்படியில் நிற்பார். நான் தப்பாகச் சொன்னதை அப்போது திருத்த மாட்டார். சாயங்காலம் பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் சரியானதை எழுதி, கதவில் இருக்கும் தபால் துவாரம் வழியாகப் போட்டுவிட்டுப் போவார். அப்படி நாற்பது சீட்டுக்கு மேல் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். டீ போட இந்தப் பக்கத்து ஜனங்கள் ‘மேஷ்’ என்பார்கள், கதவைச் சாத்து என்பதற்கு ‘மரத்தை ஓட்டையில் வை’ என்பார்கள் என்றெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அதைப் பரீட்சையில் எழுதிவிடாதே.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஃபர்த் என்று ஒரு மொழியியல் பேராசிரியர், 1890இல் இந்த ஊரில் பிறந்தவர். லாகூரில் 1919 முதல் 1928 வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒரு சொல் எப்படிப்பட்டது என்று அது யாரோடு சேர்கிறது என்பதை வைத்துத்தான் தெரியும் என்று 1957இல் அவர் எழுதினாராம். அதைக் கேட்டதும் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தாள். அண்ணனைப் பற்றிச் ‘சேர்க்கை சரியில்லை’ என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், அம்மா!

அதனால் செல்வி, பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் பண்ணாதே. எந்த வினை வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. நோட்டில் அதன் வினையையும் சேர்த்தே எழுதி, சேர்த்தே சத்தமாகச் சொல். பேச்சுத் தேர்வில் 7 மதிப்பெண் வாங்க, இந்தச் சேர்க்கை தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

போன வாரம் வாத்தியாருக்கு ‘போடு’ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு போடு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று பென்சிலோடு காத்திருந்தார். சர்வ் என்று சொன்னால் ஓட்டல் மாதிரி இருக்கிறது. கிவ் என்றால் பிச்சைக்காரருக்குக் கொடுப்பது போல. அம்மா, நீ போதும் போதும் என்றாலும் கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டு, குழம்புக்கு நடுவில் குழி பண்ணுவாயே, அதற்கு எந்த வினையைச் சொல்வது? எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மாவு பொங்கியதா பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று மாவு அரைக்கவே இல்லை.

சரி, அதை விடுங்கள். சம்பா அறுவடை முடிந்ததா? மோட்டாருக்குக் காயில் கட்ட எவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். நகைக்கடன் வட்டியை மட்டும் மார்ச்சுக்குள் கட்டிவிடலாம் அப்பா, அசலை அப்புறம் பார்ப்போம். இந்த மாதம் 28ஆம் தேதி அனுப்புவது கொஞ்சம் குறைவாக இருக்கும், சித்திரைக்குச் சேர்த்து அனுப்புகிறேன். செல்வியின் பரீட்சைக் கட்டணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். தெற்கு வயலைப் பிரிக்கும் பத்திரத்தில் அண்ணன் கேட்டான் என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், முதலில் மாமாவை வைத்துப் பேசுங்கள். அம்மா, முட்டிக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தாதே.

வாத்தியாரின் சீட்டுகளில் பன்னிரண்டை இதோடு வைத்திருக்கிறேன். செல்வி பார்த்து எழுதிக்கொண்டதும் பத்திரமாகத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
மங்கை