மாமியாரும் மருமகளும் ஒருவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சோழ அரசியர் கட்டுரையில் வானவன் மாதேவி ஓரிடத்தில் ராஜராஜனைப் பெற்றவர். நான்கு பத்தி தள்ளி அவனுடைய மனைவி. இது அச்சுப்பிழை அல்ல. ராஜராஜனின் தந்தை சுந்தர சோழனின் அரசி ஒரு வானவன் மாதேவி. ராஜேந்திரனைப் பெற்ற, திரிபுவன மாதேவி என்றும் சொல்லப்படும் ராஜராஜனின் அரசி இன்னொரு வானவன் மாதேவி. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பட்டம். கட்டுரையாளர் அதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டதால் இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

வானவன் என்றால் சேரன், பஞ்சவன் என்றால் பாண்டியன், செம்பியன் என்றால் சோழன். உடனே ‘வானவன் மாதேவி சேரன் மகள்’ என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. ராஜராஜனின் தாய் மலையமான் என்ற சிற்றரசர் குலத்துப் பெண் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டே சொல்கிறது. பட்டத்தை வைத்துப் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

இயற்பெயர் வேண்டுமென்றால் ‘ஆன’ என்ற சொல்லைத் தேட வேண்டும். ராஜராஜனின் இன்னோர் அரசி தந்திசக்தி விடங்கியான லோகமாதேவி என்று வந்தால், முன்னால் இருப்பது பெயர், பின்னால் இருப்பது பட்டம். திருவையாற்றில் அவர் எடுத்த கோயிலுக்கும் பட்டத்தால்தான் லோகமாதேவீச்சுரம் என்று பெயர் வந்தது. விடங்கியை எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டம் பலருக்குப் பொது என்பது கல்வெட்டு எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். சோழ அரசர் கண்டராதித்தரின் தேவியாரை ‘உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார் செம்பியன் மாதேவியார்’ என்று, அதாவது உத்தம சோழரைப் பெற்றவர் என்று, அவர்கள் நீட்டி எழுதுவது வெறும் அலங்காரம் அல்ல. எந்தச் செம்பியன் மாதேவி என்று கேட்பவருக்கு அதுதான் அடையாளம். உங்கள் கட்டுரை வெட்டியது சரியாக அந்தப் பகுதியைத்தான்.

மாதேவியார் என்ற சொல் வந்த இடமெல்லாம் பட்டமும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையைக் குறிக்கும் வரியைப் பாருங்கள்: ராஜராஜ தேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். இங்கே மாதேவியார் என்றால் மனைவி, அவ்வளவுதான். முன்னால் வருவது ஓர் ஆளின் பெயரா, குலப்பெயரா என்று பார்த்தால் குழப்பம் தீரும். பராந்தகன் என்பது தந்தையின் பெயர். சுந்தர சோழர் இரண்டாம் பராந்தகர். ஆழ்வார் என்பது அரச குலத்துப் பெண்ணுக்கும் இட்ட மரியாதைச் சொல். பன்னிரு ஆழ்வார்களை நினைத்துக்கொண்டு குந்தவையை வைணவர் என்று பெட்டிச் செய்தி போட்டிருக்க வேண்டாம். ராஜராஜனே ஆணையிடும்போது, ‘நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்கிறான். கோயிற் கணக்குக்கு அவர் ஆழ்வார், தம்பிக்கு அக்கன்.

பிரானுக்குப் பெண்பால் பிராட்டி. பெருமானுக்குப் பெருமாட்டி, சீமானுக்குச் சீமாட்டி மாதிரி. அரசனின் தேவியருக்கு ‘நம்’ சேர்த்து நம்பிராட்டியார் என்று எழுதுவார்கள். இதைக் கட்டுரையில் ‘நம்பி ராட்டியார்’ என்று பிரித்து அச்சிட்டிருக்கிறீர்கள். இங்கே திருவல்லிக்கேணியில் பெருமாள் கோயில் தாயாரைப் பிராட்டி என்று இன்றும் சொல்பவர்கள் இருக்க, அச்சகத்தில் அது ராட்டினமாகியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் இரண்டு வானவன் மாதேவியரையும் பிரித்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். யாருடைய தேவி, யாரைப் பெற்றவர் என்ற இரண்டு விவரம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 5