நாளை மேமி டில்-மோப்லி நினைவு நாள்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மேமி டில்-மோப்லி மறைந்தது 2003 ஜனவரி 6. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1955 ஆகஸ்டில் வெள்ளையர்கள் அடித்து, சுட்டுக் கொன்ற 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட்டின் தாய் அவர். ஒரே பிள்ளை. சிதைந்த அந்த முகத்தை, சிகாகோவில் மூடாத சவப்பெட்டியில் ஊரறிய வைத்தார். எத்தனை தாய்மாருக்கு வரும் அந்த நெஞ்சுரம்! வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அவரோ ஆசிரியராகி, பிறர் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு பாடம் சொன்னார். மகனுக்கு நடந்ததை ஊர் ஊராகப் பேசினார்.

நாளை இரவு 8 மணிக்கு அவரைப் பற்றி இங்கே பேசுவோம். அம்மாவை இழந்தவர்கள், மனம் இருந்தால், தங்கள் அம்மாவின் நினைவுகளையும் குரல்பதிவாக அனுப்பலாம். நேரக் கட்டுப்பாடு இல்லை. பிற பகிர்வுகளை நாளை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்.